இமையின் ஆட்சேபம்

ஊசிக்குக் கையை நீட்டும்போது முகஞ்சுளிக்காதவரும், பல் பிடுங்கும் நாற்காலியில் அசையாது சாய்ந்திருக்கக்கூடியவரும், ஒரு சிறிய கருவியின் முன்னே தாடையைப் பதித்த மாத்திரத்தில் நிலைகுலைந்து போவதை, கண் மருத்துவமனை ஒன்றில் ஒரு முற்பகல் முழுவதும் காத்திருக்க நேர்ந்தவர் எவரும் கண்டிருப்பர். எழுத்துப் பலகையைப் படிப்பதில் இவர்களுக்குச் சிரமமில்லை. பவர் பார்ப்பதற்காக வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று வினவும்போது விடை தடுமாறினாலும் மனம் தடுமாறுவதில்லை. பாப்பா விரிவதற்காக விடும் சொட்டு மருந்து எரிந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து பொறுத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பதற்காகக் காற்றை ஊதும் கருவியின் முறை வந்ததும்தான் தோள்கள் விறைக்கின்றன. தலை, தன்னை அறியாமலே, நெற்றிப் பட்டையை விட்டுப் பின்வாங்குகிறது.

“ஐயா, கண்ணை மூடாம இருங்க” என்று பரிசோதனை செய்யும் பெண் சொல்லக் கேட்ட ஒரு பெரியவர், “நான் எங்கம்மா மூடுறேன், அதுவா மூடிக்குது” என்றார். “சரி ஐயா, அந்தச் சின்ன வெளிச்சத்தையே பாருங்க, இன்னும் ஒரே ஒரு தடவைதான்.” அந்த ‘ஒரே ஒரு தடவை’யை அந்தப் பெண் ஏற்கெனவே இருமுறை சொல்லியிருந்தார்.

பெரியவர் கூறியது சாஸ்திர ரீதியாக முற்றிலும் உண்மை. கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும் கருவிழிப் படலத்தில், தோலில் உள்ளதைக் காட்டிலும் பல நூறு மடங்கு அடர்த்தியாக உணர்ச்சி நரம்புகளின் நுனிகள் பரந்து கிடக்கின்றன. உடலின் மேற்பரப்பில் இவ்வளவு கூர்மையான உணர்ச்சி உடைய இடம் வேறில்லை என்று சொல்லலாம். அவ்விடத்தில் தூசியோ, பஞ்சோ, காற்றோ பட்ட கணத்தில், ஐந்தாம் கபால நரம்பு செய்தியை மூளைத் தண்டுக்குக் கொண்டு செல்ல, ஏழாம் கபால நரம்பு அங்கிருந்து இமைத் தசைக்கு ஆணையைக் கொண்டு வர, இரு கண்களின் இமைகளும் ஒருசேர மூடிக்கொள்கின்றன. மனத்தின் அனுமதியை இந்த ஏற்பாடு கோருவதில்லை. கோரிக்கொண்டு தாமதித்திருக்குமாயின், கண்ணை இமை காப்பது என்ற பேச்சே நம் மொழியில் தோன்றியிராது. ஆகவே, காற்றுக் கருவியின் முன்னே கூசுகிறவரைக் கோழை என்று எண்ணுவது அநியாயம். அவருடைய இமை தன் பிறவிக் கடமையைச் செய்கிறது. அதைச் செய்யாதே என்று நாம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் காற்று பட்டபின் இமை மூடுவது ஒன்று. காற்று வருமுன்னரே உடல் நடுங்குவது மற்றொன்று. காற்றை ஊதிக் கண்ணை மூட வைப்பது, மனோதத்துவ நிபுணர்கள் பல தசாப்தங்களாகத் தங்கள் ஆராய்ச்சிச் சாலைகளில் வேண்டுமென்றே கையாண்டுவரும் முறையாகும். ஓர் ஒலியை எழுப்பி, அதை அடுத்துக் கண்ணில் காற்றை ஊதுவர், இமை மூடும். இதைப் பன்முறை திருப்பிச் செய்தபின், காற்று வராமற்போனாலும், ஒலி கேட்ட மாத்திரத்தில் இமை இறங்கிவிடும். முயல்களைக் கொண்டு இந்தப் பழக்கத்தின் இருப்பிடத்தைத் தேடிய ரிச்சர்டு தாம்ப்ஸனும் அவருடைய சகாக்களும், 1980-களில், அது சிறுமூளையின் ஆழத்தில் உள்ள ஒரு சிறு பகுதியைச் சார்ந்திருக்கிறது என்று கண்டனர். அப்பகுதி கெட்டால், ஒலிக்கு இமைக்கும் பழக்கம் அழிந்துபோகிறது, காற்றுக்கு இமைக்கும் பிறவிச் சுபாவமோ அழிவதில்லை.

இதனினும் வியப்பானது 1979-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வைஸ்கிராண்ட்ஸ், வாரிங்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட செய்தி. ஞாபக சக்தியை அடியோடு இழந்திருந்த நோயாளிகளை இதே முறையில் அவர்கள் பழக்கினர். பரிசோதனை நடந்ததே அந்நோயாளிகளின் நினைவில் இல்லை. ஆயினும் அடையாளம் தோன்றியதும் அவர்களுடைய இமைகள் இறங்கின. மனம் மறந்ததை இமை மறக்கவில்லை. ஆண்டுக்கொருமுறை மருத்துவமனையில் நாம் பெறும் சில ஊதல்கள், ஆராய்ச்சிச் சாலையின் இடைவிடாத பழக்கத்துக்கு ஈடாகமாட்டா என்பதும், இமை கற்றுக்கொள்வதும் மனம் அஞ்சுவதும் ஒன்றல்ல என்பதும் உண்மையே. எனினும் ஒருமுறை இந்தக் கருவியிடம் திடுக்கிட்டவர், அடுத்த ஆண்டில், பவர் பார்க்கும் பொருட்டு, நீண்ட சாலையின் கோடியில் ஒரு வண்ணப் பலூனைக் காட்டும் வேறொரு நிரபராதியான கருவியின் முன்னேகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கருவிகளுக்கும் ஒரே விதமான தாடைத் தாங்கி. பயத்துக்கு அந்த அடையாளம் போதும். அன்றியும், ஊசி குத்துகிறவர் ‘இதோ’ என்று சொல்லிக் குத்துகிறார். இந்தக் கருவியோ, கண் நேர்கோட்டில் நின்றது என்று தனக்குத் திருப்தியான கணத்தில் தானே ஊதிவிடுகிறது. எப்போது என்பது தெரியாத துன்பத்துக்கு, அது எத்துணை அற்பமாயினும், கனம் அதிகம்.

இத்தனை சங்கடத்தையும் கொடுத்து அளக்க வேண்டிய அந்த அழுத்தம்தான் யாது? கருவிழிப் படலத்துக்கும் அதன் பின்னேயுள்ள வில்லைக்கும் இடையில், நிறமற்ற ஒரு திரவம் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிந்துகொண்டிருக்கிறது. கண்ணீரோடு இதற்குச் சம்பந்தமில்லை. இது வெளியே வருவதே இல்லை. நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று மைக்ரோலிட்டர் அளவில் ஊறி, ரத்தக் குழாய் இல்லாத படலத்துக்கும் வில்லைக்கும் போஷணை அளித்து, கண்ணின் ஓரக் கோணத்திலுள்ள நுண்ணிய சல்லடை வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. ஊறுவதும் வடிவதும் சமமாயிருக்கும் வரையில், விழி தன் உருண்டை வடிவை இழக்காமலும் விம்மாமலும் இருக்கிறது. அப்போதுள்ள அழுத்தம் பெரும்பாலோருக்குப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை. வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் ஏறுகிறது; ஏறிய அழுத்தம், விழியின் பின்புறத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளாகப் புறப்பட்டு மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பை, சிறிது சிறிதாக மாய்த்துவிடுகிறது. கண்நீர் அழுத்த நோய் என்றும் கிளாக்கோமா என்றும் வழங்குவது இதுவே.

இந்நோயின் கொடுமை அதன் மௌனம். கடும் வலியும், வாந்தியும், விளக்கைச் சுற்றி வானவில் வட்டமுமாகத் திடீரென்று வரும் ஒரு வகை உண்டு. அது நோயாளியை உடனே மருத்துவரிடம் துரத்திவிடுகிறது. மற்றொரு வகையோ வலியின்றி, சிவப்பின்றி, ஓரப் பார்வையை முதலில் அரித்துக்கொண்டு வருகிறது. நடுப்பார்வை கடைசிவரை தெளிவாயிருப்பதால், எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டு ‘எனக்குக் கண்ணில் குறையில்லை’ என்று எழுந்து செல்கிறவருக்குங்கூட இது இருக்கலாம். இழந்த பார்வை எந்தச் சிகிச்சையாலும் மீள்வதில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் நடத்திய பெரிய ஆய்வில், நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு அது இருப்பதையே அறிந்திருக்கவில்லை என்பது வெளிப்பட்டது. கண் அரிப்புக்கு மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்ளும் நம்மவர் வழக்கமும் அழுத்தத்தை ஏற்றி இதே வாசலில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விடுவது பாபம்.

ஆகவே அளந்தே தீர வேண்டும். ஆனால் உயிருள்ள மனிதனின் விழிக்குள் இருக்கும் அழுத்தத்தைத் துளையிடாமல் அளப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு வைத்தியர்கள் கண்ட விடைகளின் சரித்திரம் முழுவதும், ஒரு விதத்தில், இமையோடு அவர்கள் நடத்திய சமாதானப் பேச்சின் சரித்திரமே. ஒவ்வொரு புதிய கருவியும் பழையதன் கொடுமையைத் தவிர்ப்பதற்காகவே வந்தது; வந்தபின் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு புதிய அச்சத்தை உண்டாக்கிக்கொண்டது.

முதலில் விரலே கருவி. நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, மூடிய மேலிமையின்மேல் இரு சுட்டுவிரல்களையும் வைத்து, மாம்பழக்காரி காயையும் கனியையும் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வதுபோல், மருத்துவர் விழியின் கெட்டித்தன்மையை உணர்ந்துகொண்டார். லண்டனில் வில்லியம் போமன் 1862-ல் இந்த விரலுணர்வுக்கு ஒரு குறியீட்டு வரிசையையே வகுத்தார். இமைக்கு இதில் ஆட்சேபமில்லை. தான் மூடியிருக்கும்போதே காரியம் நடந்துவிடுகிறது. ஆனால் ஒரு மருத்துவரின் விரலுக்குக் கெட்டியானது மற்றவரின் விரலுக்கு மெத்தென்று தோன்றினால் என் செய்வது? பெர்லினில் கிளாக்கோமாவுக்கு அறுவைச் சிகிச்சை உண்டென்று 1857-ல் உலகுக்குக் காட்டிய ஆல்பிரெக்ட் வான் கிரேபே முதலியோர் கருவி சமைக்க முயன்றனர். விழியை நேரடியாகத் தொடாமல் சரியான அளவு கிடைக்கவில்லை, தொடவோ இமை விடவில்லை.

அந்தக் கதவைத் திறந்தவர் வியன்னாவில் கார்ல் கோல்லர் என்ற இளம் வைத்தியர். பின்னாளில் மனப்பகுப்பால் புகழ்பெற்ற சிக்மண்டு பிராய்டு அப்போது கொக்கேயினின் குணங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய நண்பரான கோல்லரோ, அது நாவை மரத்துப்போகச் செய்தால் கண்ணையும் மரக்கச் செய்யாதா என்று எண்ணி, தவளையின் கண்ணிலும், பின் முயலின் கண்ணிலும், இறுதியில் தம் கண்ணிலுமே அதன் கரைசலை விட்டு, குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சி இல்லை, இமை அசையவில்லை. 1884 செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் கூடிய கண் வைத்தியர்களின் சபைக்கு இச்செய்தி அறிவிக்கப்பட்டது. பிரயாணச் செலவுக்குப் பணமில்லாத கோல்லர் போகவில்லை. அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசித்தார். மறு ஆண்டே ருஷ்யாவில் மக்லகோவ், அடிப்புறத்தில் சாயம் தடவிய ஒரு சிறு எடையைக் கருவிழிமேல் நிறுத்தி, சாயம் அழிந்த வட்டத்தின் அளவிலிருந்து அழுத்தத்தைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1905-ல் நார்வே நாட்டு ஹியால்மர் ஷியோட்ஸ் செய்த உலோகக் கருவி உலகெங்கும் பரவியது. மின்சாரம் வேண்டாத அந்தக் கைக்கருவி நம் நாட்டு மருத்துவமனைகளிலும் கண் முகாம்களிலும் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அதற்காக மல்லாந்து படுத்து, விட்டத்தைப் பார்த்தபடி, ஓர் உலோகக் கால் தம் கண்ணை நோக்கி இறங்கிவருவதைக் கண்டவர்களுக்கு, வலி இல்லை என்ற சமாதானம் எவ்வளவு தூரம் ஆறுதலாயிருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்றுவரை பிரமாணமாகக் கருதப்படும் கருவி, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ஹான்ஸ் கோல்ட்மன் 1950-களில் அமைத்தது. மரக்கும் சொட்டையும் மஞ்சள் சாயத்தையும் கண்ணில் விட்டு, நீல ஒளியில், ஒரு சிறு கூம்பின் தட்டையான முனையால் கருவிழிப் படலத்தை மெல்லத் தொட்டு, 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் தட்டையாவதற்கு எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று அது பார்க்கிறது. ஏன் அந்த விசித்திரமான எண் என்றால், கண்ணீர்ப் படலம் முனையைத் தன்பால் இழுக்கும் இழுப்பும், கருவிழிப் படலம் வளைய மறுக்கும் விறைப்பும் அந்த அளவில் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன; மேலும், ஒரு கிராம் விசை என்பது 10 மில்லிமீட்டர் அழுத்தம் என்று கணக்கும் எளிதாக முடிகிறது. எவ்வளவு நினைத்தாலும் இதைவிட நேர்த்தியான யுக்தி எனக்குத் தோன்றவில்லை. மருத்துவர் கண்ணுக்கு இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள்விளிம்புகள் தொட்டு நிற்குமாறு திருகினால் அளவு கிடைத்துவிடும்.

நம் பெரியவரை நடுங்க வைத்த காற்றுக் கருவி 1972-ல், அமெரிக்கன் ஆப்டிகல் என்ற நிறுவனத்தில் பெர்னார்டு குரோல்மன் என்பவரால் வெளிப்படுத்தப்பட்டது. அக்காலத்து அமெரிக்காவில், கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரி நிபுணர்கள் சொட்டு மருந்து விடுவதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இடந்தரவில்லை. மருந்தில்லையேல் மரப்பில்லை, மரப்பில்லையேல் ஸ்பரிசம் இல்லை. ஆகவே தொடாமல் அளக்கும் வழி வேண்டியதாயிற்று. கூம்பு செய்த வேலையைக் காற்று செய்கிறது: ஊதல் படிப்படியாக வலுக்கையில் கருவிழிப் படலம் தட்டையாகும் கணத்தை, அதன்மேல் விழுந்து திரும்பும் ஓர் ஒளிக்கற்றையால் கருவி கண்டுகொண்டு, அந்தக் கணத்தின் விசையை அழுத்தமாக மாற்றித் தருகிறது. எல்லாம் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடுகிறது. தொல்காப்பியர் எழுத்தின் மாத்திரைக்கு இயல்பான கண்ணிமைப்பை அளவாகக் கொண்டார். அந்த அளவில் மிகச் சிறிய பின்னத்துக்குள் கருவி தன் காரியத்தைத் தீர்த்துக்கொள்வதால், இமை விழும்போது அளக்க வேண்டியது அளந்தாகிவிட்டது. திடுக்கிடல் எப்போதும் தாமதமாகவே வருகிறது. வலி இல்லை, மருந்து இல்லை, ஒருவர் கண்ணைத் தொட்ட முனை மற்றவர் கண்ணைத் தொட்டு ‘மெட்ராஸ் ஐ’ போன்ற தொற்றைப் பரப்பும் அபாயமும் இல்லை. நோயாளியின்பால் இரக்கங்கொண்டு இழைக்கப்பட்ட கருவிகளில் இதற்கு ஓர் உயர்ந்த ஸ்தானம் உண்டு. நோயாளிகள் அதிகமாக வெறுப்பதும் இதையே.

இதில் உள்ள உண்மையான இக்கட்டு வேறு. அஞ்சுகிறவர் இமையை இறுக்குகிறார், மூச்சைப் பிடிக்கிறார், தலையை முன்னே தள்ளும்போது சட்டைக் கழுத்து இறுகுகிறது. இவை ஒவ்வொன்றும் கண் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. ஆகவே பயத்தை அளக்க வராத கருவி பயத்தையும் சேர்த்தே அளந்துவிடுகிறது. முதல் ஊதலின் எண் பின்வருவனவற்றைவிடச் சற்று மிகுந்திருப்பது சாதாரணம். நாடித் துடிப்புக்கேற்ப அழுத்தம் கணத்துக்குக் கணம் ஏறியிறங்குவதும் சேர்ந்துகொள்வதால், மூன்று முறையாவது ஊதிச் சராசரி எடுக்கிறார்கள். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’யின் ரகசியம் இதுதான். நம் உடலின் நிலையும் இந்த எண்ணை மாற்றும். படுத்தால் சிறிது ஏறும். தலைகீழாக நின்றால் மிகவும் ஏறும். சிரசாசனத்தின்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதைச் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் அளந்து 2006-ல் வெளியிட்டிருக்கிறார்கள். கருவிழிப் படலம் தடித்தவர்களுக்கு எண் கூடுதலாகவும், மெலிந்தவர்களுக்குக் குறைவாகவும் காட்டும்; லேசர் சிகிச்சையால் கண்ணாடியைத் துறந்தவர்கள் தங்கள் படலம் செதுக்கப்பட்டு மெலிந்திருப்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்கலாகாது. அழுத்தம் வரம்புக்குள் இருந்தும் நரம்பு நோய்ப்பட்டவர் பலர் உண்டு. வரம்பு கடந்தும் நலமாயிருப்போரும் உண்டு. ஆகவே எண் ஒன்றே தீர்ப்பாவதில்லை. காற்றுக் கருவி ஐயத்தைக் கிளப்பினால், கோல்ட்மன் கருவியால் சரிபார்த்து, பார்வை நரம்பையும் ஓரப் பார்வையையும் தனித்தனியே சோதித்த பின்னரே மருத்துவர் முடிவு சொல்வார்.

இந்தப் பயத்தால் பரிசோதனையையே ஆண்டுதோறும் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாயோ தந்தையோ உடன்பிறந்தாரோ இந்நோய்க்கு ஆளாகியிருந்தால் ஒருவருக்கு அபாயம் பல மடங்காகிறது. அத்தகையவர் நாற்பது வயதைக் கடந்தும் இந்த ஊதலுக்காக ஒளிந்துகொள்வது பெரு நஷ்டம். அவர்கள் அறியாத செய்தி, ‘எனக்கு இந்தக் காற்று ஒத்துவரவில்லை, வேறு வழியில் பாருங்கள்’ என்று கேட்பதற்கு அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு என்பதே. சொட்டு விட்டுக் கோல்ட்மன் கருவியால் பார்க்கச் சொல்லலாம். பின்லாந்திலிருந்து வந்த ஐகேர் என்ற கைக்கருவி இருக்குமிடங்களில் அதைக் கேட்கலாம். கடுகுத் தலையளவு நுனியுள்ள ஒரு மெல்லிய கம்பி கருவிழியைத் தொட்டுத் துள்ளித் திரும்பும் வேகத்திலிருந்து அது அழுத்தத்தைக் கணிக்கிறது. அதற்கு மரக்கும் மருந்துகூட வேண்டியதில்லை, குழந்தைகளும் பெரும்பாலும் அடம்பிடிப்பதில்லை. காற்றுக் கருவியையே ஏற்பதாயினும், முதலில் அதைப் புறங்கையில் ஒருமுறை ஊதிக் காட்டச் சொல்வதில் வெட்கமில்லை. கழுத்துப் பித்தானைத் தளர்த்திக்கொண்டு, இரண்டு கண்களையும் ஒருசேரத் திறந்து, மூச்சைச் சாதாரணமாக விட்டுக்கொண்டிருந்தால், ஊதல் குறைவதில்லை என்றாலும் எண் நியாயமானதாக வரும். உதவியாளர் இமையை விரலால் தூக்கிப் பிடிக்க நேர்ந்தால், விழியை அழுத்தாமல் புருவ எலும்பின்மேல் அழுத்திப் பிடிப்பதே முறை. நல்ல பயிற்சி உள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

மருத்துவமனையில் ஒரு கணத்தில் எடுக்கும் அளவு, நாள் முழுவதும் ஏறியிறங்கும் அழுத்தத்துக்குப் பிரதிநிதியாகாது என்பதால், இருபத்துநான்கு மணி நேரமும் கண்ணிலேயே தங்கி அதன் மாறுதல்களைக் குறித்துக்கொண்டிருக்கும் டிரிகர்பிஷ் என்ற உணரி வில்லை ஒன்று சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டு, 2016-ல் அமெரிக்க அரசின் அனுமதியையும் பெற்றது. மில்லிமீட்டர்க் கணக்கை அது சொல்வதில்லை. அழுத்தம் மாறும்போது கருவிழியின் சுற்றளவில் உண்டாகும் மிக நுண்ணிய விரிவையும் சுருக்கத்தையும் மட்டுமே பதிவு செய்கிறது. ஊதல் இல்லை, கூம்பு இல்லை, கம்பியும் இல்லை. தூங்கும்போதும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதை அணிவிப்பதற்கு மட்டும், இமையை விலக்கிப் பிடித்து, திறந்த கண்ணின்மேல் விரலால் வைக்க வேண்டும்.